கடைசி மிதவையை விட்டவள்

குணரத்தினத்துக்குச் சிறுநீர் முட்டுவது தலைதூக்கி நீச்சலுக்கு மட்டும்தான் என்பது உப்புவெளி நீச்சல் குழுவில் எல்லாருக்கும் தெரியும். கோச் கிருஷாந்த் வெள்ளைப் பலகையில் அன்றைய பயிற்சியை எழுதும்போதே ஐயாவின் கண் அந்த வரியைத் தேடும். தலையைத் தண்ணீருக்கு மேலே நிமிர்த்தி, முன்னால் பார்த்துக்கொண்டே நீந்துகிற பயிற்சி அது. கடலில் வழி பிடிக்க அதை விட்டால் வேறு வித்தை கிடையாது. ஆனால் கழுத்து நோகும், மூச்சு வாங்கும், பார்க்கவும் அழகாக இருக்காது. அந்த வரி வந்ததும் ஐயா ஏணியைப் பிடித்து மெல்ல ஏறி, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போய்விடுவார். அவர் திரும்பி வரவும் அந்தப் பயிற்சி முடியவும் சரியாக இருக்கும். முந்தி வந்து மாட்டிக்கொண்டார் என்று ஒரு நாள் கிடையாது.

கஜந்திக்கு இதில் தனிக் கோபம். தடாகத்தில் கயிறு கட்டிப் பிரித்த ஓடைகளில், ஐயா நீந்துகிற ஓடையில் அவருக்கு முன்னால் போகிறவள் அவள். முன்னுக்குப் போகிறவர் தண்ணீரைக் கிழித்துக் கொடுக்க, காலோடு ஒட்டி வருகிறவருக்குப் பாதி வேலைதான் என்பது நீந்துகிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இரண்டு வருடமாக ஐயா அவளுடைய குதிக்காலை விட்டு அசையவில்லை. கைவீச்சுக்குக் கைவீச்சு அவருடைய விரல் அவள் பாதத்தில் தட்டும். சுற்றுகளை எண்ணுவது அவள். சுவர் கிட்டவாகிறதா என்று பார்ப்பதும் அவள். இடையில் ஐயா சுவரோரம் நின்று நீச்சல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து ஊதி, மறுபடியும் துடைப்பார். கடைசிச் சுற்றுக்குப் புதுத் தெம்போடு வந்து ஒட்டுவார். சுவர் நெருங்கியதும் பக்கத்தால் விலத்திப் பாய்ந்து, முதலில் தொட்டுவிட்டு, மூசி மூசி மூச்சு விட்டபடி சுற்றிவரப் பார்ப்பார், யாராவது பார்த்தார்களா என்று.

அந்தக் குழுவில் முழு உடம்போடு வந்தவர் ஒருவரும் இல்லை. கரையோர ஹோட்டல்காரர் ஒருவர், விருந்தாளிகள் எழும்ப முன்னம் தன் தடாகத்தை விட்டுக் கொடுத்திருந்தார். நடு வயதைத் தாண்டியவர்கள், டொக்டர் சொல்லி வந்தவர்கள், தொப்பையைக் குறைக்க வந்தவர்கள் என்று ஆளுக்கொரு குறையோடு இறங்குவார்கள். கிருஷாந்த் ஒரு காலத்தில் மாகாணத்துக்காக நீந்தியவன். இந்த ஆட்களைப் படுத்தி எடுப்பதில் பயனில்லை என்று அவனுக்கு முதல் கிழமையே விளங்கிவிட்டது. அதனால் ஒரே ஒரு சட்டம் வைத்தான். எதையும் விடலாம், எதையும் மாற்றிச் செய்யலாம், ஆனால் தொடங்க முன்னம் எல்லாருக்கும் கேட்க வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுகிற ஆளைத்தான் கடலில் தான் தேட வேண்டி வரும் என்பான்.

ஆகவே ஒவ்வொரு காலையும் எல்லாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, சுற்றி வரும் அந்தக் கதை. மருந்துக்கடை நஸ்ரி முழங்காலைச் சாட்டித் தவளை நீச்சலை விடுவார். கஜந்தி வண்ணத்துப்பூச்சி நீச்சலை விடுவாள்; வலது தோளுக்குக் கூடுதல் வேலை வந்தால் பலகையைப் பிடித்துக்கொண்டு கால் மட்டும் அடிப்பாள். கன்னியா வீதியில் ஸ்கூட்டியோடு விழுந்து உடைந்த தோள் அது. விழுந்த பிறகு பல மாதம் தலை வாரவே கை எழும்பவில்லை. தபால் கந்தோரில் முத்திரை குத்துகிற கை எழும்பாவிட்டால் பிழைப்பு என்னாகும் என்று அழுதுகொண்டு திரிந்தவளுக்கு, அந்தக் கையைத் திருப்பிக் கொடுத்தது தண்ணீர்தான். அதனால் விடுவதைச் சொல்ல அவளுக்கு வெட்கம் இருந்ததில்லை. தினமும் உரக்கச் சொன்னாள்.

குணரத்தினத்தின் முறை முதலாவது. "ஒண்டுமில்லை, முழுக்க," என்பார். சொன்ன கையோடு ஒவ்வொரு காதாக ரப்பர் அடைப்பானைத் திணிக்கத் தொடங்குவார்; அடுத்து நிற்கிற கஜந்தி சொல்வது மட்டும் அதற்குள் காதில் விழும். மற்றவர்கள் சொல்வது வேலைக்கள்ளரின் கதை, அதை ஏன் கேட்பான் என்பது அவருடைய எண்ணம். அவர்தான் குழுவின் தலைவர். கட்டடச் சாமான் கடைக்காரர். குழுவில் எல்லாருக்கும் கடைப் பெயர் போட்ட மஞ்சள் தொப்பி கொடுத்தவர். தனக்கு மட்டும் சிவப்பு எடுத்துக்கொண்டார், படத்தில் தெரிய வேண்டுமே.

இவ்வளவோடு நின்றிருந்தால் கஜந்தி பல்லைக் கடித்துக்கொண்டு நீந்திப் போயிருப்பாள். நிற்கவில்லை.

டவுனில் பாலர் பாடசாலை நடத்துகிற ஷிஃபானா ஒரு நாள் குழுவைத் தேடி வந்தாள். பிறந்ததிலிருந்து கடலுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தும் முழங்காலுக்கு மேலே தண்ணீர் கண்டிராத பெண்கள் பத்துப் பதினைந்து பேரைத் திரட்டியிருந்தாள்; தமிழும் முஸ்லிமும் கலந்த கூட்டம். சொல்லித்தர ஒரு பெண் வேண்டும், ஆண்கள் இல்லாத நேரம் வேண்டும் என்று கேட்டாள். ஹோட்டல்காரர் நேரம் கொடுத்தார். கிருஷாந்த் யோசிக்காமல் கஜந்தியின் பெயரைச் சொன்னான்.

அந்தக் கிழமை கஜந்திக்குக் கால் நிலத்தில் படவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று, மூச்சை எப்படி விடுவது என்று இல்லாத பெண்களுக்கு விளக்கினாள். இத்தனை வருடமாக யன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து பாரம் நிறுத்து முத்திரை ஒட்டியவளை யாரும் எதற்காகவும் தேடியதில்லை; கடிதம் போட வந்தார்கள், போனார்கள். இப்போது, கை எழும்பாமல் கிடந்த தான், கடலுக்குப் பயந்த பெண்களை மிதக்க வைக்கப் போகிறேன் என்று நினைக்க நினைக்க, மறுபடியும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். வாழ்க்கையில் ஒன்றை இவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

குழுக் கூட்டத்தில் குணரத்தினம் எழும்பினார். கஜந்தி நல்ல பிள்ளை என்று தொடங்கினார். அப்படித் தொடங்கினாலே முடிவு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"ஆனா அவவே நாள்தோறும் வாயால சொல்லுறா, இதை விடுறன், அதை விடுறன் எண்டு. பாதியை விடுற ஆள் மற்ற ஆக்களுக்கு முழுசா என்னத்தைச் சொல்லிக் குடுக்கப் போறா?"

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்க முன்னமே, கொழும்பில் சான்றிதழ் எடுத்த தன் மருமகள் ஒருத்தி இருக்கிறாள் என்றும், அவள் வந்து வகுப்பை எடுப்பாள் என்றும் சொல்லி முடித்துவிட்டார். கிருஷாந்த் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தலைவர் கையை உயர்த்தி அடுத்த விஷயத்துக்குப் போனார். மருமகள் வருவாள் வருவாள் என்று மாதங்கள் போயின. ஷிஃபானாவின் பெண்கள் கரையில் இருந்தபடியே இருந்தார்கள்.

கஜந்திக்கு வயிறு பற்றி எரிந்தது. பொய் சொல்லித் தோற்றிருந்தால் ஆறியிருப்பாள். உண்மையைச் சொன்னதே குற்றமாகி, சொல்லாமல் கழிப்பறைக்குள் ஒளிந்தவன் நீதிபதியாகிவிட்டான் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. வீட்டில் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு கறுவினாள். கந்தோரில் முத்திரை குத்தும்போது கறுவினாள். அந்த நாட்களில் திருகோணமலையிலிருந்து போன கடிதங்களில் முத்திரை நல்ல ஆழமாக விழுந்திருக்கும். அவருடைய கடைக்கு வரும் பார்சலை மேசைக்குக் கீழே தள்ளிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சீ, அதனால் கெட்ட பெயர் கந்தோருக்குத்தான் என்று விட்டுவிட்டாள். ஒரு நாள் நடுத் தடாகத்தில் சடுதியாக நின்றாள். அவருடைய மூக்கு அவள் குதிக்காலில் இடித்தது. அது கொஞ்சம் சுகமாக இருந்தது, ஆனால் போதவில்லை. அவளுக்கு ஊரே பார்க்க வேண்டும். அதுவும் அவர் வாயாலேயே அவர் விழ வேண்டும்.

ஆனி மாதத்தில் கடல் தட்டாகக் கிடந்தபோது குழு வருடாந்தக் கடல் நீச்சலுக்கு நாள் குறித்தது. உப்புவெளிக் கரையில் இறங்கி, கரையோடு சமாந்தரமாக, கடலுக்குள் நீட்டி நிற்கும் கோணமலையைப் பார்த்துத் தெற்கே நீந்தி, இரண்டு மிதவைகளைத் தாண்டி, வெளியே தள்ளிப் போட்டிருக்கும் மூன்றாவது மிதவையைச் சுற்றிக்கொண்டு, தூரத்துக் கடற்கரையில் பந்தலுக்கு முன்னால் ஏற வேண்டும். பந்தலும் ஒலிபெருக்கியும் குணரத்தினத்தின் ஏற்பாடு. பிரதம விருந்தினர், மாலை, வரவேற்புரை, எல்லாம் அவரே. மருமகளும் ஒருவழியாக வந்திறங்கினாள், மாமா கரையேறுவதைக் கைபேசியில் பிடிக்க. பெண்கள் வகுப்பு அன்றைக்கே மேடையில் அவளிடம் ஒப்படைக்கப்படும் என்று அறிவித்தல் போட்டிருந்தது.

கஜந்தியின் தோளுக்கு மூன்றாவது மிதவை தூரம் அதிகம். அவள் இரண்டாவது மிதவையோடு உள்ளே திரும்பி, கரைவலைக்காரர்கள் தங்கும் வாடிக்கு முன்னால் ஏறிவிடுவதாக முந்திய கிழமையே கிருஷாந்திடம் சொல்லியிருந்தாள். அவன் சரி என்றான், ஆனால் அன்றைக்குக் கரையில் எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும் என்றான், வழமைபோல. அவள் தலையாட்டினாள். ஷிஃபானாவிடம் மட்டும் வாடிக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து நிற்கச் சொன்னாள்.

இதில் எந்த இடத்தில் எண்ணம் அவளுக்குள் முளைத்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, வீதியோரத்தில் தனியாகச் சிரித்தாள் என்பது மட்டும் தெரியும்.

அந்தக் காலையில், கச்சான் காற்று எழும்ப முன்னம் எல்லாரும் உப்புவெளிக் கரையில் வட்டமாக நின்றார்கள். பாயிஸ் என்ற மீன்பிடிக்காரர் காவலுக்குத் தன் படகைக் கொண்டு வந்திருந்தார். கிருஷாந்த் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சட்டத்தைத் தொடங்கினான். யார் யார் எதை விடுகிறார்கள்?

"ஒண்டுமில்லை, முழுக்க," என்றார் குணரத்தினம். சிவப்புத் தொப்பியை இழுத்துவிட்டார். ஒரு காதுக்கு அடைப்பானை வைத்தார்.

வழமையாக அடுத்தது கஜந்தி. அவள் குனிந்து காலிலிருந்த மணலைத் தட்டினாள். நஸ்ரி முந்திக்கொண்டு, தான் இன்றைக்கு ஒன்றையும் விடவில்லை, மெல்ல வருவேன், அவ்வளவுதான் என்றார். குணரத்தினம் மற்றக் காதையும் அடைத்தார். விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு கடலுக்கு முகத்தைத் திருப்பி, கைகளைச் சுழற்றத் தொடங்கினார்.

அப்போதுதான் கஜந்தி நிமிர்ந்தாள்.

"நான் இண்டைக்குக் கடைசி மிதவையை விடுறன். ரெண்டாவதோட திரும்பி வாடியில ஏறுவன்."

அவள் அவ்வளவு உரக்கச் சொன்னதை முன்னம் யாரும் கேட்டதில்லை. வலை காய வைத்துக்கொண்டிருந்த ஆள்கூடத் திரும்பிப் பார்த்தார். நஸ்ரி அவளைப் பார்த்தார், குணரத்தினத்தின் முதுகைப் பார்த்தார், பிறகு தன் கால்விரலைப் பார்த்தார். அவருடைய வாயோரம் துடித்தது. பாயிஸ் நங்கூரக் கயிற்றில் மிகவும் கவனமாக ஒரு முடிச்சைப் போட்டார். ஐயாவின் தோளைத் தட்டி ஒரு சொல் சொல்ல அங்கே ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் கஜந்திக்கு முன்னம் ஐயாவின் விரல் படாத குதிக்கால் அந்தக் குழுவில் ஒன்றுகூட இல்லை, அதுதான் சங்கதி.

கிருஷாந்த் அந்த நேரம் கரையோரம் நின்ற படகுக்குள் குனிந்து காப்புச் சட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னது அவனுக்குக் கேட்டது. யாருக்குக் கேட்கவில்லை என்று அவன் பார்க்கவில்லை.

இறங்கினார்கள். முதல் மிதவைக்கு முன்னமே அந்த விரல் வந்து பாதத்தில் தட்டியது. கஜந்தி தண்ணீருக்குள் பல்லைக் காட்டினாள். வழமையாக அந்தத் தட்டு அவளுக்குக் கொதியைக் கிளப்பும். இன்றைக்கு அது விட்டுப்போய்விடக் கூடாதே என்று வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கூடக் கொடுத்தாள். வாங்கோ ஐயா, வாங்கோ. தலையைத் தூக்கி மிதவையைப் பார்த்தாள், கோணமலையைப் பார்த்தாள், நேரே பிடித்தாள். பின்னால் வருகிறவர் தலையைத் தூக்கவே மாட்டார் என்று அவளுக்கு நிச்சயம். மூச்சும் இடப்பக்கம் மட்டும்தான் எடுப்பார். இடப்பக்கத்தில் இருந்தது காலை வெயில். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கண் கூசுகிற வெளிச்சமும் அவளுடைய குதிக்காலும்தான்.

இரண்டாவது மிதவையை அவள் வேண்டுமென்றே உரசிக்கொண்டு போனாள். அவருடைய கையும் அதில் பட்டிருக்கும். எத்தனையாவது மிதவை என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். எண்ணுவது எப்போதும் அவள் வேலைதானே.

அந்த இடத்தில் ஒரு கணம் அவள் தயங்கினாள் என்பதை மறைக்கக் கூடாது. மஞ்சள் தொப்பிகள் இடப்பக்கம் வெளியே வளைந்து போவது தெரிந்தது. நின்று, திரும்பி, கையைக் காட்டினால் போதும். பாதத்தில் தட்டு விழுந்தது. நாளைக்கு ஷிஃபானாவின் பெண்களில் ஒருத்தி இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தன் பின்னால் வந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. நாளைக்கு வகுப்பே இல்லையே, யாரால் இல்லை என்ற நினைப்பும் கூடவே வந்தது. மறுபடியும் தட்டினார். பாதியை விடுற ஆள், என்று அவளுக்குக் கேட்டது. வலது கையைப் போட்டு வாடிப் பக்கம் திரும்பினாள். சிவப்புத் தொப்பியும் திரும்பியது.

கிருஷாந்த் படகிலிருந்து விசில் ஊதியது அவளுக்குக் கேட்டது. ஒரு தரம், இரண்டு தரம், பிறகு நீளமாக. அடைத்த காதுக்கு எல்லாம் அலைதான்.

ஆழம் குறைந்து அடியில் மணல் தெரியத் தொடங்கியதும் அவள் எதிர்பார்த்தது நடந்தது. ஐயா பக்கத்தால் விலத்தினார். சேமித்து வைத்த பலம் முழுவதையும் போட்டு, நுரை பறக்க அவளை முந்திக்கொண்டு பாய்ந்தார். கஜந்தி நீந்துவதை நிறுத்திவிட்டாள். இடுப்பளவு தண்ணீரில் எழும்பி நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இதைப் பார்க்கத்தானே இத்தனை மாதம் காத்திருந்தாள்.

குணரத்தினம் கரையில் தாவி ஏறி, இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினார். தலையைப் பின்னுக்குச் சரித்து, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, மருமகளின் கைபேசிக்காகச் சிரித்தார்.

எதிரே நெத்தலி காயப்போட்ட படங்கு. காகங்கள். மீன்குடலுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த நாய்கள் சண்டையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தன. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். கொஞ்சம் தள்ளி ஷிஃபானாவும் அவளுடைய பெண்களும், கையில் தேத்தண்ணிப் போத்தலோடு.

வலைக்காரர் ஒருவர் மரியாதையாகச் சொன்னார். "ஐயா, கயித்தில ஏறி நிக்கிறியள். கொஞ்சம் விலகினா நாங்கள் இழுப்பம்."

ஐயாவின் கைகள் இறங்குவதற்கு நேரமெடுத்தது. காதிலிருந்து ஒரு அடைப்பானைப் பிடுங்கினார். சுற்றிப் பார்த்தார். தூரத்தில் பந்தல் சிறிதாகத் தெரிந்தது. ஒலிபெருக்கியில் அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், தலைவர் இன்னும் சில நொடிகளில் கரையேறப் போகிறார் என்று. அவருடைய முகத்தில் ஈயாடவில்லை. பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்தியும் பயன் இல்லை.

கஜந்தி தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தாள். அவசரப்படவில்லை.

"இது என்ன இடம்?" என்றார் அவர்.

"வாடி, ஐயா. நான் கடைசி மிதவையை விடுறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் இறங்கினனான்." தொப்பியைக் கழற்றிப் பிழிந்தாள். "நீங்கள் விடுறதாச் சொல்லேல்லையே?"

அவர் மற்றக் காதின் அடைப்பானையும் பிடுங்கினார். மறுபடியும் கடலில் இறங்க உடம்பில் பலமில்லை, எல்லாவற்றையும் கடைசிப் பாய்ச்சலில் கொட்டியாகிவிட்டது. நீச்சல் காற்சட்டையோடும் சிவப்புத் தொப்பியோடும் வலைகளுக்கு நடுவால், படகுகளுக்கு நடுவால், அந்த நீளக் கரை முழுவதையும் நடந்தே போனார். இரண்டு நாய்கள் பாதித் தூரம் வரை துணைக்குப் போயின. கஜந்தி மணலில் குந்தியிருந்து, தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தபடி, அவர் ஒரு சிவப்புப் புள்ளியாகும் வரை பார்த்தாள். அவ்வளவு ருசியான தேத்தண்ணி அவள் குடித்ததில்லை. அவர் போய்ச் சேர முன்னம் மூன்றாவது மிதவையைச் சுற்றி வந்த நஸ்ரி பந்தலுக்கு முன்னால் ஏறியிருந்தார். பிரதம விருந்தினருக்கு வேறு வேலை இருந்தது. மாலை நஸ்ரிக்குப் போனது. மேடையில் எதையும் ஒப்படைக்கிற நிலையில் யாரும் இருக்கவில்லை. மருமகள் அன்று மாலையே கொழும்புக்கு பஸ் ஏறினாள்.

அடுத்த பயிற்சி நாள் ஷிஃபானாவும் வந்து தடாகத்தோரம் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள், வகுப்பு உண்டா இல்லையா என்று கேட்டுப் போக. குணரத்தினம் நேரே கிருஷாந்திடம் போனார். கஜந்தி தன்னைத் திட்டமிட்டுத் திசை மாற்றிக் கொண்டுபோய் ஊர் சிரிக்க வைத்தாள், அவளைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்றார். அவள் தான் போகிற இடத்தைச் சொல்லிவிட்டுத்தானே போனாள் என்றான் கிருஷாந்த். தனக்குக் கேட்கவில்லை என்றார் அவர். கேட்காவிட்டாலும் கண் இருந்ததே, ஒரு தரம் தலையைத் தூக்கியிருந்தால் கோணமலை இடப்பக்கம் விலகியதும் வாடி எதிரே வந்ததும் தெரிந்திருக்குமே என்று கிருஷாந்த் கேட்டான்.

"நான் எங்க தலையைத் தூக்கிறது? நான் அவவின்ர காலைத்தானே பாத்துக்கொண்டு வந்தனான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் துவாயை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். இந்த நிமிடத்துக்காக அவள் பட்ட வயிற்றெரிச்சலுக்கெல்லாம் வட்டியும் முதலும் சேர்ந்து வந்ததுபோல் கஜந்திக்கு இருந்தது.

கிருஷாந்த் அவள் பக்கம் திரும்பினான். பெண்கள் வகுப்பை இனி அவளிடம் தருவதற்குத் தடையில்லை என்றான். ஷிஃபானா கதிரையில் நிமிர்ந்தாள்.

"ஆனா ஒண்டு கேக்கவேணும். நீங்கள் சொன்னது அவருக்குக் கேக்கேல்லை எண்டு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாரும் மறுக்கப் போவதில்லை. நஸ்ரிகூடத் தன் கால்விரலைத்தான் பார்ப்பார். ஆசைப்பட்ட வகுப்பு, கண்ணாடிக்கு முன்னால் பழகிய பேச்சு, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு அந்தப் பக்கம் இருந்தன. உண்மையைச் சொல்லித்தான் முதல் தரம் அதை இழந்தாள். கஜந்தி குணரத்தினத்தைப் பார்த்தாள். அவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் தன்னைப்போல மறைக்கப் போகிறாள் என்ற நம்பிக்கையோடு. அந்த நம்பிக்கையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஓம். தெரியும். அவர் ரெண்டு காதையும் அடைக்கும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டுபோட்டுத்தான் சொன்னனான்."

கிருஷாந்த் வெள்ளைப் பலகையைப் பார்த்தபடி நின்றான். தண்ணீருக்குள் ஒரு ஆள் நம்பிப் பின்னால் வந்தால், அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், என்று தொடங்கியவன் வசனத்தை முடிக்கவில்லை. அதை முடித்தால் வகுப்பும் அதோடு முடியும் என்று எல்லாருக்கும் விளங்கியது. கஜந்திக்கும் விளங்கியது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வரவில்லை.

ஷிஃபானா கதிரையை விட்டு எழும்பி வந்தாள்.

"அப்ப எங்களுக்கு முதல் நாளே தல தூக்கி நீந்தத்தான் பழக்கித் தரணும், டீச்சர். நாங்க உங்கட கால நம்பி வரமாட்டம்."

கஜந்திக்கு முகம் சுட்டது. ஒரு அறையும் ஒரு பரிசும் ஒரே கையால் விழுந்திருந்தன. தலையை மட்டும் ஆட்டினாள். கிருஷாந்த் ஒரு பெருமூச்சு விட்டு, பலகையைத் துடைத்து, பெண்களுக்கு வெள்ளிக்கிழமை தொடக்கம் என்று மூலையில் எழுதினான். பிறகு அன்றைய பயிற்சியை எழுதினான். முதல் வரியே தலைதூக்கி நீச்சல்.

பழக்கம் பொல்லாதது. குணரத்தினத்தின் கை தன்னாலேயே துவாயை எடுத்துத் தோளில் போட்டுவிட்டது. ஓடையில் நின்ற எல்லாத் தலைகளும் அவரைப் பார்த்துத் திரும்பின. விடுவதென்றால் விடலாம், சட்டம் அப்படித்தான். ஆனால் வாயால் சொல்ல வேண்டும். அவர் துவாயைக் கதிரையில் போட்டுவிட்டு ஏணியால் இறங்கி, வழமைபோலக் கஜந்திக்குப் பின்னால் வந்து நின்றார்.

கஜந்தி சுவரோடு ஒட்டி விலகி வழி விட்டாள்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ, ஐயா."

அவர் போனார். தலையை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, வாயால் தண்ணீரைத் துப்பிக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி போனார். கஜந்தி பின்னால் நீந்தினாள். தோளுக்கு ஒரு வேலையும் இல்லை, எல்லாத் தண்ணீரையும் அவரே கிழித்துக் கொடுத்தார். நடுத் தடாகத்துக்கு வந்ததும் அவள் இடது கையை நீட்டி, அவருடைய குதிக்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.